டாக்டரிடம் சொல்லாத நோன்பு

(பொன்விழாவையொட்டி நம் சங்கம் நடத்திய குடும்ப தினத்தில், நலக்குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை. மலருக்காகச் சற்றே திருத்தி எழுதப்பட்டது.)



மேடையிலும் அரங்கிலும் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, சகோதர சகோதரிகளே, பின்வரிசையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் பேரப்பிள்ளைகளே!

"மருத்துவ ஆராய்ச்சியும் நோயாளி நலனும்" என்பது எங்களுக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. கேட்டதும் கொட்டாவி வரும் தலைப்புதான். அதிலும் பிரியாணிக்கும் பீர்னிக்கும் பிறகு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். சாப்பாட்டு வரிசையில் நின்றபோதே எங்களைப் பார்த்து இரண்டு பேர் பீர்னிக் கிண்ணத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்கள். பரவாயில்லை, இன்று அதைப் பற்றிப் பேசப் போவதில்லை.

நலக்குழுவில் நாங்கள் ஏழு பேர். இரண்டு பேர் மருத்துவர்கள். ஒருவர் ஓய்வுபெற்ற தாதி. ஒருவர் மருந்தாளர். மற்ற மூவரும் மருத்துவம் படிக்காத தொண்டூழியர்கள். ஆனால் யார் வீட்டில் யாருக்கு என்ன நோய் என்பது அந்த மூவருக்குத்தான் எங்களைவிட நன்றாகத் தெரியும். ஏழு பேரும் சேர்ந்து எழுதிய உரை இது. வாசிப்பது மட்டும்தான் ஒருவர்.

நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவரின் கதையிலிருந்து தொடங்குகிறோம். பெயரைச் சொல்லாமல் சொல்லுங்கள் என்று அவரே அனுமதி கொடுத்திருக்கிறார். இந்த அரங்கில்தான் இருக்கிறார். யார் என்று தேடித் திரும்ப வேண்டாம்.

அவருக்கு அப்போது 67 வயது. பதினைந்து ஆண்டுகளாக இனிப்புநீர். காலையில் இரண்டு மாத்திரை, இரவில் ஒன்று. ஒன்று மெட்ஃபார்மின். இன்னொன்று கிளிக்லசைட், அதாவது கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டும் மாத்திரை. சிறு வயதிலிருந்து ஒரு நோன்புகூட விட்டதில்லை. அந்த வருடமும் வைத்தார். காலை மாத்திரைகளை ஸஹரில் போட்டுக்கொண்டார். ஸஹர் சாப்பாடு என்று சொன்னால் இரண்டு பேரீச்சம்பழமும் ஒரு தேநீரும். வயதாகிவிட்டால் அந்த நேரத்தில் சோறு இறங்காது என்பது வீட்டில் பெரியவர்கள் உள்ள எல்லோருக்கும் தெரியும்.

பத்தொன்பதாவது நோன்பு. அஸருக்குப் பிறகு பள்ளிவாசலில் கஞ்சி வாங்கி வரத் தூக்குச்சட்டியோடு கிளம்பினார். புளோக்கின் கீழ்த்தளத்தில், நான்கே நான்கு படி இறங்கும் இடத்தில் கண் இருட்டி விழுந்தார். ஆம்புலன்ஸில் வந்தவர்கள் விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை 2.1. நாலுக்குக் கீழே போனாலே நாங்கள் பதறுவோம். குளுக்கோஸ் ஏற்றியதும் கண் விழித்துவிட்டார். முதலில் கேட்டது, "நோன்பு போயிருச்சா?" ஆனால் இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. இரண்டு நாளில் அறுவை சிகிச்சை. பிறகு மூன்று மாதம் நடைப்பயிற்சி. இப்போது கைத்தடியோடு நடக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். தொழுகை நாற்காலியில். "சஜ்தாவில் நெற்றி தரையில் படுற அந்தக் குளிர்ச்சி போயிருச்சு தம்பி" என்று எங்களில் ஒருவரிடம் சொன்னார். எலும்பு மருத்துவரின் கணக்கில் அந்த அறுவை சிகிச்சை நல்ல வெற்றிதான். அவர் இழந்தது அந்தக் கணக்கில் வராது.

வார்டில் அவருடைய மகன் கோபமாகச் சொன்னார்: "நோன்புக்கு மூன்று வாரம் முன்னால்தான் அத்தாவை டாக்டரிடம் கூட்டிப்போனேன். ரத்தம் எடுத்தார்கள், கால் பார்த்தார்கள், கண் பார்த்தார்கள். நோன்பு வைப்பீர்களா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை." மகன் சொன்னது உண்மை. நாங்கள் பெரியவரிடம் தனியாகக் கேட்டோம்: "நீங்களாகச் சொல்லியிருக்கலாமே?" அவர் சொன்னார்: "சொன்னா வேணாம்னுடுவாங்க. அவங்க வேணாம்னு சொன்ன பிறகு வச்சா மனசு உறுத்தும். சொல்லாம வச்சா உறுத்தாது பாருங்க."

இந்தப் பதிலைக் கேட்டு நாங்கள் சிரிக்கவில்லை. எங்கள் ஏழு பேர் வீட்டிலும் இதே பதிலைச் சொல்லக்கூடிய ஒருவர் இருக்கிறார்.

எங்கள் தவறையும் சொல்லிவிட வேண்டும். இந்தச் சங்கம் எத்தனையோ ஆண்டுகளாக இலவச மருத்துவ முகாம் நடத்துகிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம், எடை எல்லாம் எழுதிய அட்டைகள் அலுவலக அலமாரியில் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. அந்த விபத்துக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எடுத்துப் பார்த்தோம். அந்தப் பெரியவரின் அட்டை மட்டும் ஆறு இருந்தது. எதிலும் நோன்பு பற்றி ஒரு வரி இல்லை. டாக்டர் கேட்கவில்லை என்று மகன் கோபப்பட்டார். நாமும்தான் கேட்கவில்லை. நாம் முஸ்லிம் சங்கம் வேறு.

இனி ஆராய்ச்சிக்கு வருகிறோம்.

அந்தப் பெரியவருக்கு நேர்ந்தது விதி என்று விட்டுவிடலாம். விதிதான். ஆனால் அது எத்தனை பேருக்கு நேர்கிறது, எப்போது நேர்கிறது, எந்த மாத்திரையால் நேர்கிறது என்று எண்ணிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 2001ஆம் ஆண்டு ரமலானை ஒட்டி 13 நாடுகளில் ஓர் ஆய்வு நடந்தது. எபிடியார் என்று பெயர். இந்தியா, மலேசியா, இந்தோனேசியா, பங்களாதேஷ், பாகிஸ்தான், எகிப்து, சவூதி அரேபியா, துருக்கி முதலிய நாடுகள் அதில் இருந்தன. நீரிழிவு உள்ள 12,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களிடம் பொறுமையாக உட்கார்ந்து கேட்டார்கள். நோன்பு வைத்தீர்களா? எத்தனை நாள்? மருந்தை எப்படிச் சாப்பிட்டீர்கள்? மயக்கம் வந்ததா? மருத்துவமனையில் சேர்ந்தீர்களா?

முடிவுகள் 2004இல் வெளிவந்தன. நம்மவர்களுக்குப் பெரும்பாலும் வருவது இரண்டாம் வகை நீரிழிவு. அந்த வகை உள்ளவர்களில் நூற்றுக்கு 79 பேர் குறைந்தது 15 நாளாவது நோன்பு வைத்திருந்தார்கள். டாக்டர் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் நம் மக்கள் நோன்பு வைப்பார்கள் என்பது அன்று பதிவானது. இரண்டாவது, மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குச் சர்க்கரை இறங்குவது, இந்த வகையினருக்கு மற்ற மாதங்களைவிட ரமலானில் ஏழரை மடங்கு. ஏழரை மடங்கு என்றதும் பயந்துவிட வேண்டாம். 100 பேரில் மாதத்துக்கு அரை நிகழ்வுகூட இல்லாதது மூன்றாக ஆகிறது. 97 பேர் தப்பிக்கிறார்கள். அதனால்தான் "நம்ம சாச்சா இருபது வருஷமா வைக்கிறாரே, ஒண்ணும் ஆகலையே" என்று சொல்ல முடிகிறது. அந்த மூன்றில் யார் என்பதுதான் கேள்வி. சர்க்கரை இறங்குவது மட்டும் ஆபத்து என்று நினைக்காதீர்கள். தாறுமாறாக ஏறி மருத்துவமனைக்குப் போவதும் அதே மாதத்தில் ஐந்து மடங்கானது. அது பெரும்பாலும் நோன்பு திறந்த பிறகு நடக்கும் கதை. சமோசா, வாடை, சர்பத் என்று நாங்கள் விவரிக்கத் தேவையில்லை.

மூன்றாவது முடிவுதான் எங்களை உறுத்தியது. அந்த ஆய்வில் இருந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு, நோன்பு நாளில் என்ன செய்ய வேண்டும் என்று எந்த மருத்துவரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. முஸ்லிம்கள் பெரும் எண்ணிக்கையில் வாழும் நாடுகளிலேயே அந்த நிலை. அப்படியிருக்க, இங்கே ஒரு பலதுறை மருந்தகத்தில் பத்து நிமிடத்தில் ஒரு நோயாளியைப் பார்க்க வேண்டிய இளம் டாக்டர் கேட்காமல் விட்டதில் என்ன வியப்பு?

அந்த 12,000 பேரும் யார்? பள்ளிவாசலில் நம் பக்கத்தில் தோள் உரசி நிற்பவர்கள் மாதிரியானவர்கள்தான். "நான் நோன்பு வச்சேன் டாக்டர், மயங்கி விழுந்தேன்" என்று உள்ளதை உள்ளபடி சொன்னார்கள். அவர்கள் சொன்னதால்தான் பின்னால் வழிகாட்டி நூல்கள் வந்தன. 2016இல் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பும் ரமலான் நீரிழிவு நிபுணர்களும் சேர்ந்து ஒரு வழிகாட்டியை வெளியிட்டார்கள், 2021இல் அதைப் புதுப்பித்தார்கள். யார் வைக்கலாம், யார் யோசித்து வைக்க வேண்டும், யார் வைக்கவே கூடாது என்று பிரித்துச் சொல்லும் நூல் அது. பகரா அத்தியாயம் நோயாளிக்கும் பயணிக்கும் சலுகை கொடுத்திருப்பது நாம் மதரஸாவில் படித்தது. எந்த நோயாளிக்கு, எந்த மாத்திரை சாப்பிடுபவருக்கு என்ற விவரத்துக்கு எண்ணிக்கை வேண்டும். எண்ணுவதற்கு மனிதர்கள் வர வேண்டும்.

"ஆராய்ச்சியா? நம்மை எலி ஆக்கப் பார்க்கிறார்கள்" என்று ஒரு ராத்தா எங்களிடம் சொன்னார். அவருக்கு நம் முன்னோர்கள் கதை ஒன்றைச் சொன்னோம். உங்களுக்கும் சொல்கிறோம், இது நம் பாட்டன்மாரோடு தொடர்புடைய கதை.

ரஜூலா கப்பலில் வந்திறங்கிய தலைமுறைக்குக் காசநோய் என்றால் அது மரண ஓலை. நெருக்கடியான கடைவீட்டு அறைகளில் பத்துப் பேர் படுத்தார்கள். ஒருவர் இருமினால் பத்துப் பேருக்கும். டான் டோக் செங் மருத்துவமனை என்றால் அன்று நினைவுக்கு வருவதே காசநோய்தான். நோய் வந்தவரை மாதக்கணக்கில் மருத்துவமனையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும், வீட்டில் வைத்தால் நோயாளியும் பிழைக்க மாட்டார், வீட்டாருக்கும் தொற்றும் என்று உலகமே நம்பியது. ஆனால் அத்தனை பேருக்கும் கட்டில் எங்கே?

1956இல் சென்னையில், சேத்துப்பட்டில், ஒரு காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கியது. சென்னை மாகாண அரசு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் குழு, உலக சுகாதார நிறுவனம் எல்லாம் சேர்ந்து நடத்தியது. சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 காசநோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்குச் சுகவாச நிலையத்தில் படுக்கை, ஓய்வு, நல்ல சாப்பாடு. இன்னொரு பிரிவினர் அவரவர் வீட்டில் இருந்தபடியே அதே மாத்திரைகள். யார் எந்தப் பிரிவு என்பதை டாக்டரும் முடிவு செய்யவில்லை, நோயாளியும் முடிவு செய்யவில்லை. சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், வீட்டில் அரைகுறைச் சாப்பாட்டோடு இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டாருக்குத் தொற்றுவதும் கூடவில்லை. 1959இல் அது வெளிவந்ததும், காசநோய்க்கு வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடலாம் என்ற வழி உலகம் முழுதும் திறந்தது. பிறகு 1970களில் இங்கே சிங்கப்பூரின் காசநோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வுகளும் சேர்ந்துதான், ஒன்றரை ஆண்டு இழுத்த சிகிச்சையை ஆறு மாதத்துக்குக் கொண்டுவந்தன.

சென்னையின் அந்த 193 பேரில் நம் ஊர்க்காரர்கள் இருந்தார்களா என்பது யாருக்குத் தெரியும்! ஆனால் இந்தச் சங்கத்தின் ஆரம்பகால உறுப்பினர்களில் காசநோய் வந்து பிழைத்தவர்கள் உண்டு. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். இதைக் கேட்ட பிறகு ராத்தா எலியைப் பற்றிப் பேசவில்லை. "அப்ப சீட்டுல நல்ல பக்கம் விழாதவங்க பாவமில்லையா?" என்று கேட்டார். மிகச் சரியான கேள்வி. எந்தப் பக்கம் நல்லது என்று முன்கூட்டியே தெரியாதபோதுதான் சீட்டுக் குலுக்கலாம். தெரிந்த பிறகும் குலுக்கினால் அது அநியாயம்.

அந்த அநியாயமும் நடந்திருக்கிறது. அதை மறைத்துவிட்டு உங்களைக் கூப்பிட எங்களுக்கு மனமில்லை. அமெரிக்காவில் டஸ்கிகீ என்ற ஊரில் 1932 முதல் 1972 வரை, மேகநோய் இருந்த சுமார் 400 கறுப்பின ஆண்களைச் சிகிச்சை கொடுக்காமலே கவனித்துக்கொண்டிருந்தார்கள். பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. அவர்களுக்கு உண்மையைச் சொல்லவுமில்லை. அதைவிடக் கொடியவை போர்க்காலத்தில் நாஜி முகாம்களில் நடந்தன. அவற்றுக்குப் பிறகுதான் 1947இல் நியூரம்பெர்க் நெறிகளும், 1964இல் ஹெல்சிங்கி பிரகடனமும் வந்தன. இன்று சிங்கப்பூரில் மனித உயிர்மருத்துவ ஆய்வுக்கென்றே 2015இல் இயற்றப்பட்ட சட்டம் இருக்கிறது. நெறிமுறைக் குழு ஒன்று பார்த்து அனுமதிக்காமல் உங்கள் விரல்நுனி ரத்தத்தைக்கூட ஆய்வுக்கு எடுக்க முடியாது.

சட்டம் இருந்தால் போதுமா என்றால், போதாது. எங்களில் ஒருவர் நேரில் கண்டதைச் சொல்கிறோம். ஒரு நன்னியிடம் ஆய்வுக்கான ஒப்புதல் படிவம் நீட்டப்பட்டது. ஆங்கிலத்தில் பதினொரு பக்கம். கூட வந்த பேரன் இரண்டாம் பக்கத்தோடு நிறுத்திவிட்டு, "ஒண்ணுமில்ல நன்னி, கையெழுத்துப் போடுங்க" என்றான். நன்னி போட்டுவிட்டார். அது நல்ல ஆய்வுதான், அவருக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. ஆனாலும் அந்தக் கையெழுத்து கையெழுத்தே அல்ல. பேரப்பிள்ளைகளே, இப்போதாவது கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்குங்கள், இது உங்களுக்கு. நன்னிக்குப் புரியும் வரை படித்துச் சொல்ல நேரமில்லை என்றால், "வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வருகிறோம்" என்று சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. தமிழில் விளக்க ஆள் கேட்பதும் உரிமை. நடுவில் விலகிக்கொள்வதும் உரிமை. விலகினால் வழக்கமான சிகிச்சையில் ஒரு குறையும் வைக்கக் கூடாது.

இன்னொன்றும் கேட்கலாம், கேட்க வெட்கப்பட வேண்டாம். மாத்திரையின் மேலுறை எந்தப் பிராணியின் ஜெலட்டினால் ஆனது என்று கேளுங்கள். அதை ஓர் அசட்டுக் கேள்வியாக நினைத்து, கேட்காமல் வாங்கி வந்து வீட்டில் குப்பையில் போட்டவர்கள் நம்மில் உண்டு. ஆய்வில் சேர்ந்துவிட்டு மருந்தைக் குப்பையில் போட்டு, சாப்பிட்டேன் என்று சொன்னால், அந்த மருந்து வேலை செய்யவில்லை என்ற பொய்க்கணக்கு எழுதப்படும். கேட்டால் விசாரித்துச் சொல்வார்கள். பதில் பிடிக்கவில்லையென்றால் சேர வேண்டாம், அவ்வளவுதான்.

நாம் சேராமலே இருந்தால் என்ன? அதற்கும் ஒரு விலை உண்டு. கிளினிக் சுவரில் உயரம், எடை அட்டவணை ஒன்று தொங்கும். உடல் எடைக் குறியீடு 25க்குள் இருந்தால் நலம் என்பது வெள்ளைக்காரர்களை அளந்து கண்ட கணக்கு. நம்மவர்கள் 24இல் இருந்துகொண்டு, டாக்டரிடம் "நார்மல்" என்று பாராட்டு வாங்கிக்கொண்டு, வயிற்றுக்குள் கொழுப்பையும் ரத்தத்தில் சர்க்கரையையும் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். 2002இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் இந்தச் சிங்கப்பூரில்தான் கூடி, ஆசிய மக்களை அளந்த ஆய்வுகளை எல்லாம் பரப்பி வைத்துப் பேசினார்கள். ஆசியர்களுக்கு 23இலிருந்தே எச்சரிக்கை வேண்டும் என்ற எண் அந்தக் கூட்டத்திலிருந்து வந்தது. யாரோ தம்மை அளக்க விட்டதால் வந்த எண் அது.

2007 முதல் 2009 வரை இங்கே இந்தியர்களுக்கென்றே ஒரு கண் ஆய்வு நடந்தது. தென்மேற்கு வட்டாரத்தில் வசித்த, 40 வயதைக் கடந்த 3,400 பேர் அதில் கலந்துகொண்டார்கள். அந்தப் பக்கம் குடியிருந்த உங்களில் சிலருக்கு அப்போது கடிதம் வந்திருக்கும். போனவர்களுக்கு நன்றி. "கண் நல்லாத்தானே தெரியுது" என்று கடிதத்தைக் கிழித்தவர்களுக்கும் ஒரு செய்தி. நீரிழிவால் விழித்திரை கெடும்போது, முற்றும் வரை கண் நன்றாகத்தான் தெரியும். தேசிய சுகாதார ஆய்வு 2010இல் எண்ணியபோது, 18 முதல் 69 வயது வரையிலான இந்தியர்களில் நூற்றுக்கு 17 பேருக்கு நீரிழிவு. மலாய்க்காரர்களில் ஏறக்குறைய அதே அளவு. சீனர்களில் பத்துக்கும் குறைவு. நாம் இந்தியருமாகி முஸ்லிமுமாகி இரண்டு பக்கமும் நிற்கிறோம். நம்மைப் பற்றி நாம் சொல்லாவிட்டால் யார் சொல்வார்கள்?

நோன்புக்கே திரும்புவோம். சிங்கப்பூரிலேயே ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. நீரிழிவோடு நோன்பு வைப்பவர்களுக்கென்று இங்குள்ள மருந்தாளர்களும் மருத்துவர்களும் சேர்ந்து ஒரு படிமுறை தயாரித்தார்கள். ஃபாஸ்ட் என்று பெயர் வைத்தார்கள். சர்க்கரை இந்த எண்ணில் இருந்தால் நோயாளி இதைச் செய், இந்த எண்ணில் இருந்தால் மருத்துவர் மருந்தை இப்படி மாற்று என்று எழுதிய வழி. அதை 97 பேரிடம் சோதித்தார்கள். முன்பு சொன்ன மாதிரி சீட்டுக் குலுக்கல்தான். ஒரு பிரிவுக்கு இந்த வழி, இன்னொரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு. 2020இல் முடிவு வெளிவந்தது. வழிகாட்டியோடு நோன்பு வைத்தவர்களுக்கு மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கு, அதாவது ஹெச்பிஏ1சி, மற்றவர்களைவிட நன்றாகக் குறைந்திருந்தது. நோன்பு வைத்தே குறைந்திருந்தது! டாக்டரிடம் சொன்னால் "வேணாம்" என்றுதான் சொல்வார் என்ற நம் பெரியவரின் பயத்துக்கு அந்த 97 பேர் பதில் சொல்லியிருக்கிறார்கள். பலருக்குக் கிடைக்கும் பதில் "வையுங்கள், இப்படி வையுங்கள்" என்பதாக இருக்கும்.

எல்லோருக்கும் அல்ல. சிறுநீரகம் மிகவும் பழுதானவர், சமீபத்தில் மாரடைப்பு வந்தவர், சர்க்கரை அடிக்கடி இறங்கியும் அது இறங்குவதே உடம்புக்குத் தெரியாமல் போனவர் ஆகியோருக்கு வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். அவர்கள் மனது வலிக்கும். எங்களில் ஒருவருடைய உம்மாவுக்கு அப்படிச் சொல்லப்பட்டபோது ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. இமாம் வீட்டுக்கு வந்து ஃபித்யா பற்றி விளக்கிய பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தார். அந்த வருடம் முழுக்க நோன்பு திறக்க வருபவர்களுக்குக் கஞ்சி காய்ச்சியது அவர்தான். இமாம் வந்ததும் சிகிச்சையில் ஒரு பகுதி என்றுதான் நாங்கள் நினைக்கிறோம்.

மற்றவர்கள் மறக்கக் கூடாதவை சில. நம் ஊரில் நோன்பு ஆண்டு முழுதும் எப்போது வந்தாலும் ஏறக்குறைய பதின்மூன்றரை மணி நேரம். ஐரோப்பாவில் இருப்பவர்களைப் போல வருடத்துக்கு வருடம் கூடிக் குறையாது. அதனால் ஒரு முறை சரியாக வகுத்த திட்டம் அடுத்த ஆண்டுக்கும் பெரிதாக மாறாது. உங்கள் உடம்பும் மருந்தும் மாறியிருக்கிறதா என்பதைத்தான் ஒவ்வொரு ஆண்டும் பார்க்க வேண்டும். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது. ஆலிம்கள் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆபத்தான நேரம் பெரும்பாலும் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில். சர்க்கரை 3.9க்குக் கீழே போனாலும் 16.6க்கு மேலே போனாலும் நோன்பை முறித்துவிட வேண்டும். மஃரிபுக்குப் பத்து நிமிடம்தான் இருக்கிறது என்றாலும் முறிக்க வேண்டும். "பத்து நிமிஷம்தானே" என்று உட்கார்ந்தவரைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறோம். களாச் செய்ய வருடம் முழுதும் இருக்கிறது. மருந்தை நீங்களாக மாற்றாதீர்கள், பக்கத்து வீட்டுக்காரர் மாற்றியபடியும் மாற்றாதீர்கள். காலை மாத்திரையை அப்படியே ஸஹருக்கும் இரவு மாத்திரையை நோன்பு திறப்புக்கும் நகர்த்துவதுதான் நம் வீடுகளில் வழக்கம். அந்தப் பெரியவர் செய்ததும் அதுதான். பதின்மூன்று மணி நேரம் சாப்பாடு இல்லாத பக்கத்தில் பெரிய மாத்திரையும், சாப்பாடு இருக்கும் பக்கத்தில் சின்ன மாத்திரையும் வந்து நிற்கும். பல பேருக்கு அதைத் தலைகீழாக மாற்ற வேண்டியிருக்கும்.

இந்தப் பொன்விழா ஆண்டில் நலக்குழு என்ன செய்யப்போகிறது என்று செயலவை கேட்டது. பெரிதாக ஒன்றும் திட்டமிடவில்லை. ரஜப் மாதம் பிறந்ததிலிருந்து ஷஃபான் முடியும் வரை, ஞாயிறுதோறும் லுஹருக்குப் பிறகு, இந்த மண்டபத்தின் நுழைவாயிலில் ஒரு மேசை இருக்கும். எங்களில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்போம். வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். ஊரிலிருந்து வந்த நாட்டு மருந்தும், மகள் ஜொகூரில் வாங்கிய பொடியும் சேர்த்து. நாங்கள் மருந்தை மாற்ற மாட்டோம். உங்கள் டாக்டருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதித் தருவோம்: "இவர் இந்த ரமலானில் நோன்பு வைக்க விரும்புகிறார், இவர் சாப்பிடும் மருந்துகள் இவை, ஆலோசனை கூறுங்கள்." உங்களால் சொல்ல முடியாததை அந்தக் காகிதம் சொல்லிவிடும்.

யாருக்காவது ஆய்வில் சேரச் சொல்லிப் படிவம் வந்திருந்தால் அதையும் கொண்டுவாருங்கள். சேருங்கள் என்றோ சேராதீர்கள் என்றோ சொல்ல மாட்டோம். பதினொரு பக்கத்தையும் தமிழில் படித்துக் காட்டுவோம்.

முகாம் அட்டையில் இந்த ஆண்டு ஒரு வரி கூட்டியிருக்கிறோம். "நோன்பு வைப்பீர்களா? போன வருடம் எத்தனை வைத்தீர்கள்? நடுவில் எத்தனை நாள் முறிக்க வேண்டி வந்தது?" என்று அதில் கேட்டிருக்கிறோம். முதல் அட்டையை நிரப்பிக் கொடுத்தவர் நாற்காலியில் தொழும் நம் பெரியவர். "முறித்தது: 1" என்று எழுதியிருந்தார். பிறகு பேனாவைத் திருப்பி வாங்கி, அதற்குப் பக்கத்தில், "சொல்லாதது: 14 வருடம்" என்று எழுதிவிட்டுப் போனார்.